திட்டாத குரல்

அல்மாத்தி

2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை, மாலை ஆறு நாற்பது. இதுவரை முப்பத்தொரு தடவை கூப்பிட்டுவிட்டேன்.

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எடுக்கவில்லை. மூன்று நாளாக உன் போன் அணைந்தே கிடக்கிறது, வீட்டுப் போனையும் எடுப்பதில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். கடைசியாகக் காகிதத்தில் எழுதியது கல்லூரித் தேர்வு. கையெழுத்து புரியாவிட்டால் பொறுத்துக்கொள். நலமா? ஒட்டகங்கள் நலமா? கேட்டாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை ஸைலாவ் மாமா எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "எம் பொண்டாட்டி, உங்கக்கா, பேங்குல கடன் வாங்கி எவனுக்கோ அனுப்பிட்டாடா. நாப்பத்தேழு லட்சம் டெங்கே. ஒரே நாள்ல. யாருக்குன்னு கேட்டா தெரியாதுங்கிறா. வீட்ல படிச்சவ அவளா, நானா?" என்றார். உங்கள் ஷிஃப்ட் தொடங்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதே என்று கேட்டேன். "வீட்ல உக்கார முடியலடா," என்று வைத்துவிட்டார்.

எனக்குத் தெரியவேண்டியவை இவை. எந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தது? எத்தனை மணிக்கு? போனில் ஏதாவது செயலியை இறக்கச் சொன்னார்களா? உன் திரையை அவர்கள் பார்த்தார்களா? குறுஞ்செய்தியில் வந்த ரகசிய எண்ணைப் படித்துக் காட்டினாயா? பணம் போன கணக்கு யார் பெயரில்? போலீசில் எழுதிக் கொடுத்தாயா? நகல் வாங்கினாயா?

நான் வேலை பார்ப்பதே போன் கம்பெனியில். மாதம் ஒரு முறை எல்லா வாடிக்கையாளருக்கும் எச்சரிக்கை அனுப்புகிறோம். உனக்கும் வந்திருக்கும். வங்கி உங்களைக் கூப்பிட்டுக் கடன் எடுக்கச் சொல்லாது. ஒரே வரி. ஐந்து நிமிடம் அந்தப் போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தால் முடிந்திருக்கும். எப்படி அக்கா? உண்மையாகவே கேட்கிறேன், எப்படி?

உடம்பைப் பார்த்துக்கொள். கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுது.

தம்பி தெமிர்லான்

*

அரால்
அக்டோபர் கடைசி

அன்புத் தம்பி தெமிர்லானுக்கு அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமா? அங்கே பனி விழுந்துவிட்டதா? குல்லாய் போடாமல் திரியாதே. உன் காது சீக்கிரம் வலி எடுக்கும்.

உன் கடிதத்தை ரயில் கண்டக்டர் ஸவுலே பிளாட்பாரத்தில் கொடுத்தாள். படித்தேன். நீ எழுதியதெல்லாம் சரி.

இங்கே காற்று. கடல் கிடந்த பக்கமிருந்து மூன்று நாளாக உப்புத்தூசி வருகிறது. ஜன்னல் விளிம்பில் ஈரத்துணி வைத்திருக்கிறேன். நிலக்கரி வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிறேன். ஏழாம் வகுப்புக்கு இலையின் அமைப்பு நடக்கிறது. பெரிய ஒட்டகம் சினையாக இருக்கிறாள், மார்ச்சில் ஈனுவாள். மாமா ஷிஃப்டில் இருக்கிறார்.

போனை அணைத்து, மெத்தைகள் வைக்கும் பெட்டியில் அடியில் போட்டுவிட்டேன். மேலே எல்லா மெத்தையையும் அடுக்கிவிட்டேன். ஏதாவது என்றால் இப்படியே எழுது.

புகைபோட்ட மீன் ஸவுலேயிடம் கொடுத்திருக்கிறேன். பெரியதை நீ சாப்பிடு. மீதியை உன் அறையில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடு.

ரௌஷான்

*

அல்மாத்தி
அக்டோபர் 31, வியாழன், காலை எட்டு மணி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மீன் வந்தது. அறை முழுக்க நாற்றம், ஆனால் பையன்கள் அன்றைக்கே தீர்த்துவிட்டார்கள். காது நன்றாக இருக்கிறது.

எட்டுக் கேள்வி கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இலையின் அமைப்பை நான் கேட்கவில்லை.

உனக்காக நானே விசாரித்தேன். பணம் போன கணக்குகள் எல்லாம் கல்லூரிப் பையன்கள் பெயரில் இருக்கும். சிறு தொகைக்குக் கணக்கை வாடகைக்கு விட்டிருப்பார்கள். பணம் அரை மணி நேரத்தில் நாட்டைத் தாண்டியிருக்கும். திரும்பாது. அதைப் பற்றி யோசிக்காதே. செய்யவேண்டியது ஒன்றுதான். அரசு சேவை மையத்துக்குப் போய், இனி என் பெயரில் யாரும் கடன் தரக்கூடாது என்று பதிவு செய். பத்து நிமிட வேலை. நாளைக்கே போ.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபது வருடமாக உயிரியல் நடத்துகிறாய். மூளை எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டுச் சொல்லித் தருகிறாய். அன்றைக்கு அது எங்கே போயிருந்தது?

கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் கேள்வி கேள்விதான்.

போன கடிதத்தைக் கொடுத்தபோது ஸவுலே அக்கா, "இந்தக் காலத்துல கடுதாசியா? பொண்ணுக்கா?" என்றாள். "அக்காவுக்கு." "அப்ப சண்டைதான்," என்று கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

பதில் எழுது. நிலக்கரியை வெளியே நனையவிடாதே.

தெமிர்லான்

*

அல்மாத்தி
நவம்பர் 24, ஞாயிறு, மதியம்

அக்கா,

நலமா? மூன்று வாரம் ஆகிவிட்டது. ஸவுலே அக்கா இரண்டு முறை வெறுங்கையோடு வந்தாள். "உங்கக்கா பிளாட்பாரத்துக்கே வரலப்பா. ரெண்டு நிமிஷம் கீழ இறங்கித் தேடினேன். மீன் விக்கிற பொம்பளைங்கதான் நின்னாங்க," என்கிறாள்.

உடம்பு சரியில்லையா? சேவை மையத்துக்குப் போனாயா, போகவில்லையா? ஒரு வரி போதும்.

தெமிர்லான்

*

அரால்
டிசம்பர், முதல் வாரம்

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும். எழுதாமல் விட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேலை இருந்தது. சேவை மையத்தில் பதிவு செய்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. போலீஸ் அதிகாரி வந்து போன் மோசடி பற்றிப் பேசினார். "இந்த ஊர்லயே, ஏன், இந்தப் பள்ளிக்கூடத்துலயே ஒருத்தங்க இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன்," என்றார். பேர் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எல்லாத் தலையும் திரும்பியது. அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் வேதியியல் டீச்சர் பையை மேசையில் வைத்து, "ரௌஷான், என் பர்ஸ் இங்க இருக்கு. யாராவது போன் பண்ணிக் கேட்டா குடுத்துடாதே," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய். எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். எனக்கு வகுப்பு இல்லாத நாள். தலைமை வங்கியின் பாதுகாப்புப் பிரிவு என்றான். நம் மொழியில், சுத்தமாகப் பேசினான். "உங்க கிளையில ஒருத்தன் உங்க பேர்ல கடன் எழுதிக்கிட்டிருக்கான் மேடம். அவனைக் கையும் களவுமா பிடிக்கணும்." வேலை இருக்கிறது, வைக்கிறேன் என்றேன். என்னை நம்பு, அப்படித்தான் சொன்னேன். "சரிங்க மேடம். ஒண்ணே ஒண்ணு. பேச்சு அரால் பக்கம் மாதிரி இருக்கே. நீங்க எந்தக் குலம்?" என்றான். சொன்னேன். கேட்டால் யார்தான் சொல்லமாட்டார்கள்?

"அடடா! எங்கம்மா அந்தக் குலத்துப் பொண்ணாச்சே. நான் உங்களுக்கு ஜியென். தெரியாம இவ்வளவு நேரம் மேடம் மேடம்னு பேசிட்டேனே சித்தி!"

அதற்குப் பிறகு எப்படி வைப்பது, நீயே சொல். ஜியென், நம் குலத்துப் பெண் பெற்ற பிள்ளை, எதைக் கேட்டாலும் மூன்று முறை வரை இல்லை என்று சொல்லக்கூடாது. அத்தை மகன் கேட்டான் என்று அப்பா சவாரிக் குதிரையைச் சேணத்தோடு அவிழ்த்துக் கொடுத்தார். நீ அப்போது தொட்டிலில். இவன் என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை. எனக்கு உதவுவதாகத்தான் சொன்னான். "அந்தத் திருடன் எடுக்குறதுக்கு முன்னாடி நீங்களே கடனை எடுத்து, நான் சொல்ற கணக்குல பத்திரமா போட்டுடுங்க சித்தி. சாயங்காலத்துக்குள்ள கடன் ரத்தாயிடும்." மாலை வரை லைனிலேயே இருந்தான். நடுவில், "இன்னும் சாப்பிடலையே நீங்க. ஒரு வாய் டீயாவது குடிங்க, நான் காத்திருக்கேன்," என்றான். குடித்தேன்.

இந்த வீட்டில் என்னைச் சித்தி என்று கூப்பிட யாரும் இல்லை.

அவ்வளவுதான். வேறு ஒன்று. பெரிய ஒட்டகத்தை விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன். தீவனம் விலை ஏறிவிட்டது. அவளில் உன் பங்கும் இருப்பதால் கேட்கிறேன். சரி என்றால் எழுது. சீக்கிரம் எழுதினால் நல்லது.

குல்லாய் போட்டுக்கொள்.

ரௌஷான்

*

அல்மாத்தி
டிசம்பர் 10, செவ்வாய், மாலை ஏழு மணி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இப்போதாவது எழுதினாயே. இனி எனக்கு விளங்குகிறது. நீ எந்தக் குலத்தின் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவன் அம்மா அதில்தான் பிறந்திருப்பாள். எதிரில் தாள் வைத்துப் படிக்கிறார்கள். அழைப்பு மையம் மாதிரி வரிசையாக உட்கார்ந்து நூறு பேர் பேசுகிறார்கள். அவனுக்கு அம்மாவும் இல்லை, குலமும் இல்லை. இனிமேல் போனில் எவனாவது குலம் கேட்டால் வைத்துவிடு. மரியாதை எல்லாம் நேரில் வருகிறவனுக்கு.

வேதியியல் டீச்சரைக் கண்டுகொள்ளாதே.

ஒட்டகத்தை விற்றுவிடு. நல்ல முடிவு. என் பங்கையும் சேர்த்துக் கடனில் போடு, வட்டி குறையும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தெமிர்லான்

*

அல்மாத்தி
டிசம்பர் 12, வியாழன், காலை

அக்கா,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நேராகக் கேட்கிறேன்.

நேற்று ஸவுலே அக்காவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டே, "உங்கக்கா பரவாயில்ல, தேறிட்டா போல. போன தடவை வண்டிகிட்ட வந்தப்ப காதுல போனை வெச்சுப் பேசிட்டே வந்தா. நான் சலாம் சொன்னேன், இருங்கன்னு விரலைக் காட்டிட்டு அங்கிட்டு நகர்ந்துட்டா. யாருகிட்டயோ குழையக் குழையப் பேசினா," என்றாள்.

போன் மெத்தைப் பெட்டியில் இருக்கிறது என்று எழுதினாய். நான் கூப்பிட்டால் இன்றைக்கும் அணைந்திருக்கிறது. அப்படியானால் வேறு நம்பர் வாங்கியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை, அவரிடம் கேட்டுவிட்டேன்.

பிறகு படுக்காமல் ஒட்டகத்தைப் பற்றி யோசித்தேன். நானும் அரால்காரன்தான். ஒன்பது வருட நகரவாசத்தில் மறந்துவிட்டேன். மார்ச்சில் ஈனப்போகும் ஒட்டகத்தை டிசம்பரில் விற்கிறவர் நம் ஊரில் யாரும் இல்லை. குட்டியும் போகும், ஒரு வருடப் பாலும் போகும். அவசரமாகக் கையில் பணம் வேண்டியவர்தான் விற்பார்.

யாருக்கு அக்கா? போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று எவனோ வந்திருக்கிறான், இல்லையா? முன்பணம் கேட்கிறான், இல்லையா? இதுவும் அதே கும்பல்தான். ஏமாந்தவர்களின் பட்டியலை விலைக்கு விற்கிறார்கள். ஒரு தடவை கொடுத்தவர் மறுபடியும் கொடுப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

மறுபடியுமா?

அந்த நம்பரை அனுப்பு. உடனே.

தெமிர்லான்

*

அரால்
வருடக் கடைசி

தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா? வேலை அதிகமா? புது வருடத்துக்கு லீவு கிடைக்காது என்று தெரியும். பவுர்சாக் சுட்டு அனுப்பியிருக்கிறேன். ஆறிப்போயிருக்கும், அடுப்பில் காட்டிச் சாப்பிடு.

ஆமாம்.

வக்கீல் என்று சொன்னார். நவம்பரில் முதல் முறை வீட்டுப் பழைய போனில் கூப்பிட்டார். பிறகு அவர் சொன்னபடி புது நம்பர் வாங்கினேன். தினமும் ஐந்து மணிக்கு, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் கூப்பிடுவார். முன்பணம் கட்டினால் முழுவதையும் மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். வியாபாரி ஜனவரி நடுவில் வந்து ஒட்டகத்தைப் பார்ப்பான்.

நான் ஒன்று எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

அவரும் திருடனாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. முதல் வாரமே தோன்றியது. நீ எழுதியபிறகுதான் தோன்றியது என்றில்லை. தெரிந்துதான் போனை எடுக்கிறேன்.

முதல் நாள் அவர் கேட்டது, "ராத்திரி தூங்குறீங்களா?" என்று. நடந்ததிலிருந்து யாரும் அதைக் கேட்கவில்லை. "இதுல உங்க தப்பு எதுவும் இல்லீங்க. உங்க நல்ல மனசை அவங்க பயன்படுத்திக்கிட்டாங்க," என்றார். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அடுப்பு அணைந்து போனது தெரியவில்லை. வேதியியல் டீச்சர் சொன்னதை அவரிடம் சொன்னேன். "அவங்களுக்கும் ஒரு நாள் போன் வரும், அப்ப தெரியும்," என்றார். சிரித்தேன். அது நிஜமான சிரிப்பு.

நீ எப்படி என்று கேட்டாய். மாமா படித்தவளா என்று கேட்டார். போலீசில் எத்தனை பூஜ்யம் என்று எண்ணச் சொன்னார்கள். இவர் ஒரு முறையும் அப்படிக் கேட்டதில்லை.

வீட்டில் யாரிடமும் சொல்லாதீங்க, சொன்னா திட்டத்தான் செய்வாங்க என்றார். அது பொய்யில்லையே தம்பி.

ஐந்து மணி வரை எனக்கு ஒன்றும் இல்லை. கை கால் எல்லாம் வேறு யாருடையதோ போல இருக்கிறது. வகுப்பு நடத்துகிறேன், ரொட்டி சுடுகிறேன், ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டுகிறேன். ஐந்து மணிக்கு ஒரு குரல் வருகிறது.

நம்பரை அனுப்பமாட்டேன். நீ அதைத் தடுத்துவிடுவாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். சொல்லாமல் வந்து நிற்காதே. திடீரென்று கதவு தட்டினால் இப்போதெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

ரௌஷான்

*

அல்மாத்தி
2025 ஜனவரி 4, சனி, காலை பதினொரு மணி

அன்புள்ள அக்காவுக்கு,

தூங்கினாயா? அடுப்பு சரியாக எரிகிறதா?

இது மூன்றாவது தாள். முதல் தாளில் திட்டியிருந்தேன், கிழித்துவிட்டேன். இரண்டாவதில் செய்யவேண்டியவை என்று உனக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தேன். அதையும் கிழித்துவிட்டேன்.

நம்பர் இல்லாமலே உன் புது இணைப்பைக் கண்டுபிடித்து முடக்க என் வேலையிடத்தில் வழி இருக்கிறது. சட்டப்படி தப்பு, ஆனால் முடியும். டிசம்பராக இருந்தால் செய்திருப்பேன். இப்போது செய்யவில்லை. செய்தால் உன்னை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரிதான்.

அவன் திருடன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, உனக்கும் இல்லை. ஆனால் அவன் உன்னைக் கேட்டதையும் நான் கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன், தூங்கினீர்களா என்று கேட்டான். நான், எந்த நம்பர் என்று கேட்டேன். அவன் காசுக்காகக் கேட்டான். காசே வாங்காமல் கேட்டிருக்கவேண்டியவன் நான்.

அன்றைக்கு நான் உன் இடத்தில் இருந்திருந்தால் வைத்திருப்பேனா? வைத்திருப்பேன். எனக்குக் குலமும் தெரியாது, எவன் ஜியென் என்றாலும் உறைக்காது. அது புத்திசாலித்தனம் இல்லை. எனக்கு அந்த மரியாதை வராமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

உன் தப்பு இல்லை அக்கா. இதை உனக்கு ஒரு திருடன் முதலில் சொல்லிவிட்டான். நான் இரண்டாவதாக வருகிறேன்.

மூளையைப் பற்றி எழுதிய கடிதத்தை அடுப்பில் போடு. மன்னிப்பு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இதுதான்.

ஸைலாவ் மாமாவைக் கூப்பிட்டேன்.

"அக்காகிட்ட கடைசியா எப்ப பேசினீங்க மாமா?"

"பேசினேனே. வீட்டுப் போன்ல. நிலக்கரி இருக்கான்னு கேட்டேன், இருக்குன்னா."

"அவ்வளவுதானா?"

"வேற என்னடா பேச? வாயைத் தொறந்தா அந்தப் பேச்சுதான் வருது. அதான் தொறக்கல."

"நான் தொறந்து என்ன கிழிச்சேன்னு நினைக்கிறீங்க?"

"அவ ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு அடுப்பங்கரையில நிப்பா. நான் தூங்குற மாதிரி படுத்திருப்பேன். அத பாக்க முடியாமத்தான்டா கிளம்பிட்டேன்," என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நான் எதுவும் சேர்க்கவில்லை.

ஒட்டகத்தைப் பற்றி நீ எப்படி முடிவு செய்தாலும் சரி. என் பங்குக்கு நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அல்லது போடாமல் இருக்கிறேன், நீ சொல்கிறபடி. வரட்டுமா என்று மட்டும் சொல்.

பவுர்சாக் எல்லாவற்றையும் நானே தின்றேன். யாருக்கும் கொடுக்கவில்லை.

தெமிர்லான்

*

அரால்
ஜனவரி

அன்புத் தம்பிக்கு,

நலம் என்று எழுதித்தான் பழக்கம். நலம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாமா சொன்ன வரியை இன்னும் சில முறை. அவர் தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

வியாபாரி சொன்னதற்கு முன்பே வந்துவிட்டான். உன் கடிதம் கைக்கு வருவதற்கு முந்தின நாள். "சினையா இருக்கே அம்மா, நிஜமாவே குடுக்குறீங்களா?" என்று அவனே இரண்டு தடவை கேட்டான். ஆமாம் என்றேன். லாரியில் ஏற மறுத்தாள். நான்கு பேர் பிடித்துத் தள்ளினார்கள். சத்தம் போட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. கொட்டிலைக் கூட்டினேன்.

பணம் வீட்டில் இருக்கிறது. ஐந்து மணிக்கு அவர் கேட்கிறார். வங்கி மூடியிருந்தது என்றேன். மறுநாள் பனி என்றேன். நேற்று, "என்மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?" என்றார். அதே மெல்லிய குரல்தான். கோபமே இல்லை. இருக்கிறது என்று சொன்னேன்.

இன்னும் அனுப்பவில்லை. அனுப்பமாட்டேன் என்று எழுதவேண்டும் என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத வரவில்லை. அனுப்பிவிட்டால் அவர் கூப்பிடுவது நின்றுவிடும். அதனால்தான் அனுப்பாமல் இருக்கிறேனோ என்னவோ. உன்னிடம் பொய் சொல்ல விருப்பம் இல்லை.

வருவதானால் வா. கேள்விகளைக் கொண்டுவராதே.

வழியில் குளிர் அதிகம். காதை மூடிக்கொள்.

ரௌஷான்

*

அல்மாத்தி
ஜனவரி 19, ஞாயிறு, மாலை நான்கு மணி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. ரயில் நிலையத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். விரல் விறைக்கிறது. ஸவுலே அக்கா டீ கொடுத்துவிட்டு, "அழுவுறதா இருந்தா உள்ள வந்து அழு, இங்க கண்ணுல ஐஸ் புடிச்சுக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அழவில்லை. நலமாக இருக்கிறேன்.

பெரிய ஒட்டகத்துக்காக வருத்தப்படுகிறேன். நான் சரி என்று எழுதியதும் அதில் இருக்கிறது. நீ பொய் சொல்லாமல் எழுதினாய். அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

நான் இனி செய்யப்போவது:

1. வியாழக்கிழமை இதே ரயிலில், ஏழாம் பெட்டியில் ஏறுவேன். வெள்ளிக்கிழமை பகலில் அரால். சொல்லாமல் வரவில்லை, இதுதான் சொல்வது. கதவைத் தட்டாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

2. அதற்குள் நீ பணத்தை அனுப்பிவிட்டாலும் வருவேன். அனுப்பாவிட்டாலும் வருவேன். எது நடந்திருந்தாலும் என் முகம் ஒரே மாதிரி இருக்கும். அதற்குப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

3. பணத்தை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். தேடமாட்டேன்.

4. ஐந்து மணிக்கு அடுப்பங்கரையில் உன் பக்கத்தில் உட்காருவேன். போன் அடித்தால் எடுப்பதும் விடுவதும் நீ. எடுத்தால் பிடுங்கமாட்டேன். எழுந்தும் போகமாட்டேன். அவன் பேசி முடித்ததும் டீ ஊற்றித் தருவேன்.

5. நீ சரி என்றால் திங்கட்கிழமை போலீசுக்கும் வங்கிக்கும் போவோம். மாதத் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பேன். அங்கே எவராவது 'படிச்சவங்கதானே' என்று தொடங்கினால் பதில் சொல்வது என் வேலை. நீ சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சரி இல்லை என்றால் போகமாட்டோம்.

6. செவ்வாய்க்கிழமை ஸைலாவ் மாமா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வருகிறார். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சீட்டுக்கட்டு வாங்கி வருகிறேன்.

7. திரும்பி வந்தபிறகு தினமும் ஐந்து மணிக்கு நான் கூப்பிடுவேன். வேலை இருந்தாலும் கூப்பிடுவேன். அடுப்பு பிடித்ததா என்று கேட்பேன். சொல்ல எதுவும் இல்லாத நாளில் நீ சொல்லவேண்டாம். நானும் பேசாமல் இருப்பேன். வைக்கமாட்டேன்.